எழுத்தைப் பொடியாக்கிய கடிதம்

வரவேற்பாளர்: சார், வாடிக்கையாளர்களுக்கு நீங்கள் எழுதிய ஆங்கிலக் கடிதத்தைச் சுருக்கித் தரும்படி கேட்டிருந்தேன்.

மேலாளர்: சுருக்கிவிட்டேன், அம்மா. இரண்டு பக்கமாக இருந்தது இப்போது ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது, பாருங்கள்.

வரவேற்பாளர்: எழுத்தின் அளவை அல்லவா 12இலிருந்து 8ஆகக் குறைத்திருக்கிறீர்கள்? ஒரு சொல்கூடக் குறையவில்லையே.

மேலாளர்: சொல்லைக் குறைத்தால் மரியாதை குறைந்துவிடும். 'ப்ளீஸ் பீ அட்வைஸ்ட்', அதாவது 'தங்களுக்கு அறிவிப்பது யாதெனில்', என்று தொடங்கினால்தான் நிறுவனத்துக்கு ஒரு கம்பீரம்.

வரவேற்பாளர்: அந்தக் கம்பீரத்தைக் குறித்து வரும் அழைப்புகளை எல்லாம் நான்தான் எடுக்கிறேன், சார். ஒருவர் தமக்குப் பரிசு விழுந்திருப்பதாக நினைத்து நன்றி சொன்னார்; இன்னொருவர் தம்மீது என்ன வழக்கு என்று நடுங்கினார். முகவரிச் சான்றை 30ஆம் தேதிக்குள் அனுப்பாவிட்டால் கணக்கை முடக்கிவிடுவோம் என்பது மட்டும் இருவருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அந்தத் தேதி வாக்கியத்தை நீட்டும் மூன்று 'விச்'சுக்கும் இரண்டு 'வேர்ஆஸு'க்கும் நடுவே சிக்கிக் கிடக்கிறது.

மேலாளர்: பெரிய மனிதர்களின் ஆங்கிலம் அப்படித்தான் இருக்கும், அம்மா. சர்ச்சில் என்ன, பேசுவதைப் போலவா எழுதச் சொன்னார்?

வரவேற்பாளர்: ஆமாம், சார், அப்படித்தான் சொன்னார். 1940 ஆகஸ்ட் 9 அன்று, பிரிட்டனின் பிரதமராக, நாடு போரில் இருந்த வேளையில், அறிக்கைகள் எல்லாம் மிக நீளமாக இருப்பதால் சாரத்தைத் தேடுவதிலேயே நேரம் வீணாகிறது என்று அவர் அமைச்சர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். 'கன்சிடரேஷன் ஷுட் பி கிவன்', அதாவது 'பரிசீலிக்கப்பட வேண்டும்', என்பது போன்ற தொடர்கள் வெறும் பஞ்சடைப்பு, அவற்றை அடியோடு நீக்கலாம் அல்லது ஒரே சொல்லில் முடிக்கலாம், பேச்சுவழக்காக இருந்தாலும் சின்னத் தொடரை எழுதத் தயங்க வேண்டாம் என்பது அதன் சாரம். நம் கடிதத்தில் அதே தொடர் இரண்டு இடத்தில் இருக்கிறது.

மேலாளர்: அவருக்குப் போர் இருந்தது, அவசரம் இருந்தது. நமக்கு என்ன அவசரம்?

வரவேற்பாளர்: 30ஆம் தேதிக்கு இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது, சார். அரசு அலுவலகங்கள் மக்களுக்குப் புரியும்படி எழுத வேண்டும் என்று அமெரிக்காவில் 2010இல் சட்டமே கொண்டுவந்துவிட்டார்கள். அதற்கு முன்பே, 1979இல், லண்டனில் கிறிஸ்ஸி மேஹர் என்பவர் புரியாத அரசுப் படிவங்களை நாடாளுமன்றத்துக்கு எதிரிலேயே துண்டு துண்டாக்கிக் காட்டினார்.

மேலாளர்: நம் கடிதத்தை யாரும் அப்படிக் கிழித்துவிடக் கூடாது.

வரவேற்பாளர்: கிழிக்கும் அளவுக்குக் கோபம் வர வேண்டுமானால் முதலில் முழுவதும் படித்திருக்க வேண்டும், சார்; அந்தக் கவலை நமக்கு வேண்டாம்.

மேலாளர்: சரி, உங்கள் திருப்திக்காக எழுத்தை 7ஆக்கட்டுமா? அரைப்பக்கத்தில் அடங்கிவிடும்.

வரவேற்பாளர்: வேண்டாம், சார். நானே இரண்டு வாக்கியத்தில் எழுதிவைத்திருக்கிறேன். உங்கள் முகவரிச் சான்றை 30ஆம் தேதிக்குள் எங்களுக்கு அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் உங்கள் கணக்கை முடக்குவோம். அவ்வளவுதான் அதன் பொருள்.

மேலாளர்: 'முடக்குவோம்' என்பதா? 'முடக்கப்படும்' என்று இருக்கட்டும்.

வரவேற்பாளர்: யாரால் முடக்கப்படும், சார்?

மேலாளர்: அது தானாகவே முடக்கப்படும்.

வரவேற்பாளர்: இவ்வளவு குறுகிய கெடுவை வைத்தது யார்?

மேலாளர்: வைக்கப்பட்டது.

வரவேற்பாளர்: யாரால்?

மேலாளர்: தீர்மானிக்கப்பட்டது, அம்மா.

வரவேற்பாளர்: உங்களுக்கு எளிமையாக எழுத வராது என்று இத்தனை நாள் தவறாக நினைத்திருந்தேன், சார். படிப்பவருக்குப் புரிந்துவிட்டால் திரும்பிக் கேள்வி கேட்பார் என்பதற்காகவே, செய்தவர் யார் என்று எந்த வரியிலும் தெரியாதபடி பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள்.

மேலாளர்: சரி, சரி, உங்கள் இரண்டு வாக்கியமே போகட்டும். கீழே உங்கள் பெயரைப் போட்டுவிடுங்கள். அழைப்புகள் எப்படியும் உங்களுக்குத்தானே வருகின்றன.

வரவேற்பாளர்: தாராளமாகப் போடுகிறேன், சார். கெடுவை வைத்தவர் எங்கள் மேலாளர், அவருடைய நேரடித் தொலைபேசி எண் இது என்று மூன்றாவதாக ஒரு வாக்கியத்தையும் சேர்த்துவிடுகிறேன். அதுவும் எல்லோருக்கும் நன்றாகப் புரியும்.

மேலாளர்: வேண்டாம், அம்மா, பழைய கடிதமே போகட்டும். எழுத்தை மட்டும் 6ஆக்கிவிடுங்கள்.