காஸியை மூழ்கடித்தது யார் என்ற சண்டையில் விட்டுப்போன கப்பல்

டிசம்பர் 4, கடற்படை தினம் வந்தால் போதும், 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கியை யார் மூழ்கடித்தது என்ற சண்டை ஆரம்பித்துவிடும். நம் கடற்படைக் கப்பல் ஐஎன்எஸ் ராஜ்புத் போட்ட டெப்த் சார்ஜ்தான் (தண்ணீருக்கு அடியில் வெடிக்கும் குண்டு) என்பது நம் தரப்பு. உள்ளேயே ஏதோ வெடித்தது, இல்லையென்றால் தான் வைத்த கண்ணிவெடியிலேயே மாட்டிக்கொண்டது என்பது அவர்கள் தரப்பு. நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த்தான் மூழ்கடித்தது என்றுகூட சிலர் ஃபார்வர்டு செய்கிறார்கள். விக்ராந்த் அன்றைக்கு அந்தப் பக்கமே இல்லை, ஐயா!

என் கட்சி வேறு. ராஜ்புத் செய்த பெரிய வேலை குண்டு போட்டது இல்லை, பொய் சொன்னது.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்காக ஓடிய நாசகாரிக் கப்பல் அது. 1949-இல் நம்மிடம் வந்தது, 1971-இல் கிழடு தட்டிவிட்டது. விக்ராந்த் மட்டும் என்ன வாழ்ந்தது? கொதிகலனில் விரிசல், முழு வேகம் எடுக்க முடியாது. அதைத் தேடித்தான் காஸி கராச்சியிலிருந்து கிளம்பியது. வங்காள விரிகுடா வரை வந்து வேலை பார்க்கும் திராணி பாகிஸ்தானிடம் அந்த ஒரு நீர்மூழ்கிக்குத்தான் இருந்தது.

கிழக்குக் கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் கிருஷ்ணன், விக்ராந்தை அந்தமான் பக்கம் ஒளித்துவைத்தார். ராஜ்புத்தை விசாகப்பட்டினத்துக்கு வெளியே அனுப்பி, விக்ராந்தாக நடிக்கச் சொன்னார். பெரிய கப்பலுக்கு உரிய அளவில் வயர்லெஸ்ஸில் ஓயாத பேச்சு. அதற்கு நடுவே, உடம்பு சரியில்லாத தன் அம்மா எப்படி இருக்கிறார் என்று ஒரு மாலுமி விசாரிப்பதாக, ரகசியக் குறியீடே இல்லாமல் ஒரு செய்தி. போர் நெருங்கும் நேரத்தில் அசட்டுத்தனம் மாதிரித்தான் தெரியும். ஆனால் ஒட்டுக்கேட்பவன் நம்புவது இதைத்தான்.

டிசம்பர் 3 நள்ளிரவையொட்டி, விசாகப்பட்டினத்துக்கு வெளியே காஸி வெடித்து மூழ்கியது. உள்ளே இருந்த தொண்ணூறு சொச்சம் பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. மறுநாள் காலை விக்ராந்தின் சீ ஹாக் விமானங்கள் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரைத் தாக்கின, அப்புறம் சிட்டகாங்கை.

டெப்த் சார்ஜா, கண்ணிவெடியா என்ற வழக்கு தீரப்போவதில்லை. ஆனால் காஸி விசாகப்பட்டினத்து வாசலில்தான் கிடந்தது என்பதை இரு தரப்புமே மறுக்கவில்லை. அதை அங்கே நிறுத்திவைத்ததில் ராஜ்புத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எனக்கு அது போதும்.

விக்ராந்த் மும்பையில் அருங்காட்சியகமாக நின்றது, அதன் உலோகத்தில் மோட்டார் சைக்கிள்கூட வந்தது. ராஜ்புத்தை 1976-இல் உடைத்ததோடு சரி. பெயரை மட்டும் 1980-இல் படையில் சேர்ந்த வேறொரு கப்பலுக்கு வைத்தார்கள், ஏவுகணையெல்லாம் வைத்த புதுசு. ‘காஸியை முடித்த ராஜ்புத்’ என்று அந்தக் கப்பலின் படத்தைப் போடுகிறவர்களே, அடுத்த டிசம்பருக்குள் படத்தையாவது மாற்றுங்கள்.