நாய்க்கு மொட்டையடித்தால் முடி உதிர்வது நிற்காது

"குட்டை முடி நாய்க்கு முடி கொட்டாது, கொட்டினால் மெஷின் போட்டு ஒட்ட வெட்டிவிடுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

பக், பீகிள், லாப்ரடார் மூன்றுமே குட்டை முடிதான், மூன்றுமே தாராளமாகக் கொட்டும். மேல்முடிக்கு அடியில் மென்மையான இன்னொரு அடுக்கு இருப்பது ஒரு காரணம். நீள முடி உருண்டு மூலையில் சேரும்; குட்டை முடியோ ஊசி மாதிரி சோபாவில் குத்தி நிற்கும் (கறுப்பு பேன்ட் போடுபவர்களுக்குப் புரியும்).

முடி உதிர்வது வேரில் நடக்கிற விஷயம். வளர்ந்து, ஓய்ந்து, விழும். வெட்டினால் விழுகிற துண்டு சின்னதாகும், அவ்வளவுதான். மேலே இருந்த பாதுகாப்பு போய் வெயிலில் தோல் புண்ணாகவும் கூடும்.

உண்மையில் உதவுவது ரப்பர் பிரஷ். வாரம் 2, 3 முறை, முடி போகும் திசையிலேயே, 5 நிமிடம். பிளேடு வைத்த சீப்பை அழுத்தி இழுக்காதீர்கள், இந்த முடிக்கு அடியில் தோல் உடனே வந்துவிடும். தினமும் குளிப்பாட்டினாலும் தோல் வறண்டு நிலைமை மோசமாகும். மீன் எண்ணெய் கொடுப்பதானால் அளவை மருத்துவரிடம் கேளுங்கள். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும்.

ஆனால் வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, ஓயாமல் சொறிந்தாலோ, தோல் சிவந்தாலோ பிரஷை வைத்துவிட்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். உண்ணி, பூஞ்சை, தைராய்டு என எதுவாகவும் இருக்கலாம்.