பேட்டரிக் கணக்கு எங்கே?

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீடு போன்ற பயண டிரெய்லரில் எரிவாயு ஃபிரிட்ஜ் பழுதானால் யோசிக்காமல் 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் வாங்கச் சொல்கிறது கட்டுரை. மின் இணைப்புள்ள முகாம்களிலேயே தங்குபவருக்குச் சரி. அரிசோனா பாலைவனத்தில் இணைப்பே இல்லாமல் கிடப்பவர் என்ன செய்வார்? கம்ப்ரசர் ஓடும்போது 5 ஆம்பியர் இழுத்தால், பாதி நேரம் ஓடினாலும் ஒரு நாளைக்கு 60 ஆம்பியர்-மணி (ஆம்பியரை ஓடிய மணிநேரத்தால் பெருக்கிய கணக்கு) செலவாகும். பாதிக்கு மேல் சார்ஜ் இறக்கக்கூடாத 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி ஒரு முழு நாள்கூடத் தாங்காது! லித்தியம் பேட்டரி, சோலார் பலகை விலையையும் சேர்த்தல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

அம்மோனியாவைக் கொண்டு குளிர்விக்கும் அந்த எரிவாயு ஃபிரிட்ஜ் கடும் வெயிலில் திணறும், வண்டி சரிந்து நின்றால் கெடும் என்பதை மறுக்கவில்லை. எதை வாங்கினாலும் ஃபிரிட்ஜ் வைக்கும் பொந்தோடு டிரெய்லர் வாசலையும் அளந்துகொள்ளுங்கள். பெட்டி நுழையாமல் ஜன்னலைக் கழற்றியவர்கள் உண்டு. கம்ப்ரசருக்கு மாறினால் பழைய எரிவாயுக் குழாயைத் தெரிந்தவரைக் கொண்டு அடைத்து, கசிவும் பார்த்துவிடுங்கள்.