மெயினை அணைத்தால் தெருக் கம்பி அணையாது

மரம் வெட்ட ஆள் வந்ததும் வீட்டுக்காரர் உள்ளே போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, "கரண்ட் ஆஃப் பண்ணியாச்சு, ஏறுங்கண்ணே" என்கிறார். பல வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. நின்றது அவர் வீட்டு ஃபேன் மட்டும்தான். கிளையை உரசிப் போகும் தெருக் கம்பியிலும், கம்பத்திலிருந்து மீட்டருக்கு வரும் ஒயரிலும் கரண்ட் அப்படியே இருக்கிறது. வீட்டில் மின்கசிவு வந்தால் தானாக அணையும் சுவிட்ச் (ஆர்.சி.சி.பி.) இருந்தாலும் அது வீட்டு ஒயரிங்குக்குத்தான் காவல்.

நம் தெருக்களில் இன்னும் நிறைய இடத்தில் உறை இல்லாத வெறும் கம்பிதான். பச்சை மட்டை ஈரமானது, மின்சாரத்தைக் கடத்தும். மூங்கில் துறட்டிகூட நனைந்திருந்தால் ஆபத்து. இப்போது பலர் வைத்திருக்கும் நீட்டி மடக்கும் அலுமினியத் துறட்டியைப் பார்த்தாலே எனக்குப் பதறுகிறது. 11,000 வோல்ட் லைன் என்றால் தொடக்கூட வேண்டாம், ரொம்ப நெருங்கினாலே பாயும். மார்பு வழியாக 100 மில்லிஆம்பியர் போனால் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடலாம்.

இதெல்லாம் மரம் ஏறுகிறவருக்குத் தெரியாமலில்லை. மரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருக்கும்போது, லைன்மேனுக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்தால் அன்றைய வருமானம் போச்சு. அதனால்தான் துணிந்து ஏறுகிறார். ஆகவே ஈ.பி.க்குச் சொல்வது, லைனை நிறுத்த வைப்பது, காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி கொடுப்பது மூன்றும் கூப்பிட்டவர் பொறுப்பு. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று வெட்டிக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். வேலை சீக்கிரம் முடிந்தால் சொன்ன நேரத்துக்கு முன்பே கரண்ட் வந்துவிடும். உங்கள் மரத்தை ஒட்டிய லைன் வேறு ஃபீடராகவும், அதாவது துணைமின் நிலையத்திலிருந்து தனியாக வரும் வேறு லைனாகவும் இருக்கலாம். பக்கத்து வீட்டு ஜெனரேட்டரைத் தப்பாக இணைத்திருந்தால் அதிலிருந்தும் கம்பிக்குக் கரண்ட் ஏறும். லைன்மேன் வந்து, நிறுத்தி, எர்த் செய்து, "லைன் கிளியர்" சொன்ன பிறகுதான் மரத்தில் கால் வைக்க வேண்டும்.

மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, எந்த நேரமும் கூப்பிடலாம். வாரியத்திடமும் ஒன்று கேட்க வேண்டும்: கிளை வெட்ட லைனை நிறுத்தச் சொல்லி மனு வந்தால், எந்த நாள், எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்லுங்கள். நேரம் தெரிந்தால் மரம் ஏறுகிறவர் அன்றைக்கு மற்ற வேலையை அதற்கேற்ப வைத்துக்கொள்வார்.