அந்த நம்பரை மட்டும் விற்றுவிடாதீர்கள்

சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணியிடம் (தலைமை எழுத்தர்) அப்பா வாங்கிய மோரிஸ் மைனர் கார் இன்னும் என் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. அதன் நம்பர், பேராக் மாநிலத்துக்கான ஒற்றை 'ஏ', பின்னால் நாலு இலக்கம். போன மாதம் ஒருவர் வந்து, காடி வேண்டாம், நம்பரை மட்டும் கொடுங்கள், என் புதுக் காடிக்குப் போட்டுக்கொள்கிறேன் என்றார். நல்ல விலைதான். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) முறைப்படி நம்பரை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது, தப்பே இல்லை. ஆனால் அந்த வழியில்தான் பழைய காடிகள் ஒவ்வொன்றாகப் பிறந்த ஊரை இழக்கின்றன. ஒரு கூட்டத்தில் பார்த்தேன், பெயிண்ட், சீட், சக்கர மூடி எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல ஒரு மைனர், நம்பர் மட்டும் 'டபிள்யூ'. கோலாலம்பூர் 1974-இல் கூட்டரசுப் பிரதேசம் ஆன பிறகு வந்த எழுத்து அது, அதற்கு முன் அங்கேயும் சிலாங்கூரின் 'பி'தான். இங்கிலாந்தில் மைனர் கார் தயாரிப்போ 1971-லேயே நின்றுவிட்டது. எனக்கு மனசே ஆறவில்லை.

சரி, நம்பர் இருக்கிறது, பிளேட்? எங்கள் காடியில் அப்பா பிளாஸ்டிக் பிளேட் மாட்டிவிட்டார். பழைய முன்பக்கத் தகடு கிடைத்த இடம் கோழிக்கூண்டு, ஓட்டையை அடைக்க வைத்து ஆணி அடித்திருந்தார்கள். கறுப்புப் பெயிண்ட் உரிந்த தகடு, அதன்மேல் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி அலுமினியமாக ரிவெட் அடித்தது. விரலால் தடவினால் ஓரம் வழவழவென்று உருண்டு வரும், இன்று கணினியில் வெட்டித் தரும் எழுத்துக்கு அந்த உருட்சி இல்லை. கடைசி இலக்கம் 7, அது மட்டும் விழுந்துபோய் ரிவெட் ஓட்டை மூன்றுதான் மிச்சம்.

பழைய பிளேட்டைத் தேடுகிறவர்கள் முதலில் வீட்டுக் கல்யாணப் படங்களைப் பாருங்கள், மாப்பிள்ளை காடிக்கு முன்னால் நின்று எடுத்த படத்தில் எழுத்தின் தடிப்பும் இடைவெளியும் தெரியும். புதிதாகச் செய்தால் அதை வைத்துச் செய்யுங்கள், அழகுக்காக எழுத்தை வளைத்தால் சம்மன் வரும். கிடைத்த தகட்டைப் புதுசாக்கிப் பளபளக்க வைக்கவும் வேண்டாம், அந்தத் தேய்மானம் நாற்பது வருஷ மழையும் செம்மண்ணும் போட்டது.

உங்கள் ஸ்டோரிலோ பழைய இரும்புக் கடையிலோ அலுமினிய 7 ஒன்று கண்ணில் பட்டால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.