டிஸ்க் விலகுவதில்லை, பிதுங்குகிறது

விலகிய டிஸ்க்கை (முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் தட்டு) கைரோபிராக்டர், அதாவது முதுகெலும்பைக் கையால் அழுத்தித் திருப்பி வைத்தியம் செய்பவர், ஒரே அமர்வில் உட்கார வைத்துவிடுவார் என்று ஒரு கட்டுரையில் படித்தது உறுத்துகிறது. டிஸ்க் விலகுவதில்லை, உள்ளே இருக்கும் கூழ் போன்ற பகுதி பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. அவர் முதுகைத் திருப்பும்போது கேட்கும் 'டக்' சத்தமும் மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக் குமிழியால் வருவது, எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தம் இல்லை.

எனக்கு எல்5-எஸ்1 பிதுக்கம், அதாவது கீழ் முதுகின் அடியில் இருக்கும் கடைசி டிஸ்க்கில். சாக்ஸ் போடக் குனிந்தாலே இடுப்பிலிருந்து குதிகால்வரை சுரீர் என்று இழுக்கும். நடை, பிசியோதெரபி என்று 10 வாரத்தில் தணிந்தது. பெரும்பாலானோருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே சரியாகிவிடும். கைரோபிராக்டிக்கில் சிலருக்கு இடுப்பு வலி குறைகிறது, சரி. ஆனால் கால் பலமிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீரை அடக்க முடியாவிட்டாலோ தயவுசெய்து அங்கே போகாதீர்கள்; உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.