அப்போலோ 13: தட்டுப்பாடு ஆக்சிஜனுக்கு அல்ல

"அப்போலோ 13 விண்கலத்தின் ஆக்சிஜன் தொட்டி வெடித்ததும் சுவாசிக்க ஆக்சிஜன் தீர்ந்துபோனது, அதை உண்டாக்கத்தான் டேப் ஒட்டி ஒரு பெட்டி செய்தார்கள்" என்பது தவறு. 1970 ஏப்ரலில் நிலவை நோக்கிப் போன அந்த விண்கலத்தின் வீரர்கள் மூவரும் தஞ்சம் புகுந்த நிலவு இறங்கு கலமான அக்வேரியஸில் ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தது. ஆபத்து, அவர்களே வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடால் வந்தது.

அதை உறிஞ்சுவது லித்தியம் ஹைட்ராக்சைடு நிரப்பிய குப்பி. அக்வேரியஸ் இரண்டு பேருக்கு, சுமார் இரண்டு நாளுக்கென்று அமைந்த கலம்; அதில் மூன்று பேர் ஏறக்குறைய நான்கு நாள் இருக்க நேர்ந்தது. தாய்க்கலமான ஒடிஸியில் குப்பிகள் மிச்சம் இருந்தன, ஆனால் அவை சதுரம். அக்வேரியஸின் பொருத்துவாயோ வட்டம். அதனால்தான் பிளாஸ்டிக் பை, கையேட்டின் அட்டை, விண்ணுடைக் குழாய், டேப் இவற்றைக் கொண்டு, குழாய் இழுக்கும் காற்று சதுரக் குப்பிக்குள் புகுந்து வரும்படி கட்டினார்கள். கலத்தில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் அந்நேரத்துக்குள் 15 மி.மீ. பாதரசத்தை நெருங்கியிருந்தது, பொருத்தியதும் மளமளவென்று இறங்கியது.

உண்மையான தட்டுப்பாடு தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும்தான். கருவிகளைக் குளிர்விக்கவே தண்ணீர் வேண்டும் என்பதால், குடிக்க ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 மி.லி. மட்டுமே. மூவரில் ஒருவரான ஃபிரெட் ஹெய்ஸ் சிறுநீர்த் தொற்றோடும் காய்ச்சலோடும்தான் பூமி திரும்பினார்.